ஹான்சார்டு கார்பஸ் யூஸ் பண்ணிப் பாத்தேன்: 200 வருஷ பார்லிமென்ட் பேச்சு, எதை நம்பலாம் எதை நம்பக்கூடாது

பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல பேசுனதையெல்லாம் பதிவு பண்ணி வெச்சதுக்குப் பேரு ஹான்சார்டு. 1803-ல வில்லியம் கோபெட் ஆரம்பிச்சது, அப்புறம் அவருக்கு அச்சடிச்சுக் குடுத்துட்டிருந்த ஹான்சார்டுங்கிறவர் கைக்குப் போயி அந்தப் பேரே நின்னுடுச்சு. அதுல 1803-ல இருந்து 2005 வரைக்கும் உள்ளத மொத்தமா எடுத்து, கிட்டத்தட்ட 160 கோடி வார்த்தை, 76 லட்சம் பேச்சு, எல்லாத்தையும் தேடுற மாதிரி போட்டதுதான் ஹான்சார்டு கார்பஸ். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் முன்னால நின்னு செஞ்ச சாமுவேல்ஸ்ங்கிற திட்டத்துல உருவானது, இங்கிலிஷ் கார்ப்போரா தளத்துல இருக்கு. காலனி கால வரலாறு படிக்கிறவங்க, மொழியியல் பசங்க, ரெண்டு பேருக்குமே இது பெரிய விஷயம், அதனாலதான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல எனக்குப் பிடிச்சத சொல்லிடுறேன். ஒரு வார்த்தைய போட்டா பத்து பத்து வருஷமா பிரிச்சு எப்போ எவ்ளோ பேசுனாங்கன்னு சார்ட் வந்துடும். அதுல வெறும் எண்ணிக்கைய மட்டும் பாக்காதீங்க, பத்து லட்சம் வார்த்தைக்கு எத்தனை தடவைன்னு பக்கத்துலயே இன்னொரு கணக்கு இருக்கும், அதைத்தான் பாக்கணும், ஏன்னா 1800-கள்ல பதிவானது ரொம்பக் கம்மி, 1900-க்கு அப்புறம் பதிவு அப்படியே வீங்கிடும், வெறும் எண்ணிக்கைய பாத்தா எல்லா வார்த்தையும் வளர்ற மாதிரியே தெரியும். நான் "ஃபேமின்" போட்டு 1840-கள தொறந்தா அயர்லாந்து பஞ்சம், 1870-கள தொறந்தா நம்ம ஊரு பஞ்சம். 1876-ல இருந்து 78 வரைக்கும் மெட்ராஸ் பிரசிடென்சில அத்தனை ஜனம் செத்துக்கிட்டு இருந்தப்ப, நிவாரண வேலை செய்றவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் கம்மி) தானியம் போதும்னு பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் கூலிய வெட்டுன காலம் அது. அதைப் பத்தி லண்டன்ல உக்காந்து என்ன பேசுனாங்க, யாரு கேள்வி கேட்டாங்க, யாரு செலவக் கணக்கு பாத்தாங்கன்னு ஒரே இடத்துல வரிசையா வாசிக்க முடியுது. "ஃபேமின்"க்குப் பக்கத்துல அதிகமா வர்ற வார்த்தைகள் எதுன்னு தனியா கேக்கலாம், அயர்லாந்து பேச்சுக்கும் இந்தியா பேச்சுக்கும் அங்கதான் வித்தியாசத்தத் தேடணும்.

ஆனா சார்ட்டப் பாத்துட்டு நிறுத்திடக் கூடாது. தேடுன வார்த்தை நடுவுல வர ரெண்டு பக்கமும் கொஞ்சம் வாக்கியம் தெரியற மாதிரி வரி வரியா காட்டும், அத கிளிக் பண்ணா முழுப் பேச்சோட பகுதிக்குப் போயிடலாம். உண்மையான வேலை அங்கதான்.

இன்னொரு சிறப்பு, இது அர்த்தத்த வெச்சும் தேடும். ஆங்கில வரலாற்றுச் சொற்களஞ்சியம் ஒண்ணு கிளாஸ்கோல பல வருஷம் உழைச்சு உண்டாக்குனது இருக்கு, அதோட பிரிவுகள வெச்சு ஒவ்வொரு வார்த்தைக்கும் மெஷினே ஒரு அர்த்தக் குறி போட்டிருக்கு. பார்லிமென்ட்ல இதோட அவசியம் ரொம்ப அதிகம். வீட்டு வசதி பத்தி பேசுனத தேடலாம்னு "ஹவுஸ்" அடிச்சீங்கன்னா சபைய குறிக்கிற ஹவுஸ் தான் மழையா கொட்டும். குறிய வெச்சு தேடுனா சலிச்செடுத்த மாதிரி வருது. மெஷின் போட்ட குறிங்கிறதால தப்பும் வரும், அதனால ஒரு நூறு வரியாவது கண்ணால பாத்துட்டுதான் எண்ணிக்கைய எங்கயாவது எழுதணும்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இது டூலோட குறை இல்ல, மூலப் பதிவே அப்படி. 1909-க்கு முன்னாடி சபைக்குன்னு சொந்த ரிப்போர்ட்டர்கள் கிடையாது. பத்திரிகைல வந்தத வெச்சுத்தான் பெரும்பாலும் தொகுத்தாங்க. மந்திரிங்க பேச்சு ஓரளவு முழுசா வரும், சாதாரண உறுப்பினர் பேசுனா பல நேரம் சுருக்கி "அவர் இன்னின்னது சொன்னார்"னு படர்க்கைல எழுதிடுவாங்க. இதத் தெரியாம ஒருத்தர் 19-ஆம் நூற்றாண்டையும் 20-ஆம் நூற்றாண்டையும் பக்கத்துல வெச்சு "ஐ" (நான்)ங்கிற வார்த்தை இவ்ளோ கூடியிருக்கே, அரசியல்வாதிங்க தன்னப் பத்தியே பேச ஆரம்பிச்சுட்டாங்கன்னு முடிவு கட்டுனா என்ன ஆகும்? மாறுனது பேசுறவங்களா எழுதுறவங்களான்னு இந்தப் பதிவ மட்டும் வெச்சு சொல்லவே முடியாது. 1909-க்கு அப்புறமும் அப்படியே வார்த்தைக்கு வார்த்தை கிடையாது, திரும்பத் திரும்ப சொன்னத எடுத்துடுவாங்க, வெளிப்படையான பிழைய திருத்திடுவாங்க. அதனால தயக்கம், திக்கல், பாதில மாத்திச் சொல்றது இதெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இது உதவாது.

உதாரணத்துக்கு நம்ம நாட்டுத் தலைவர் தாதாபாய் நவுரோஜிய எடுத்துக்கோங்க. 1892-ல லிபரல் கட்சி சார்பா ஃபின்ஸ்பரி சென்ட்ரல்ல ஜெயிச்சு 1895 வரைக்கும் காமன்ஸ் சபைல, அதாவது கீழ்ச்சபைல, இருந்தவரு. சிவில் சர்வீஸ் தேர்வ இந்தியாவுலயும் ஒரே நேரத்துல நடத்தணும்னு 1893-ல சபை தீர்மானம் போட்டுச்சே, அந்த விவாதமெல்லாம் இங்க இருக்கு, எல்லாரும் படிக்கணும். ஆனா அவரு சபைல இருந்ததே 1909-க்கு முன்னாடிங்கிறத மறந்துடக் கூடாது. அவரோட பேச்சு நடைய, வார்த்தைத் தேர்வ அலசணும்னா அன்னைக்கு வந்த பத்திரிகைய பக்கத்துல வெச்சுக்கிட்டே அலசுங்க.

பேசுறவர் பேர வெச்சும் தேடலாம், ஆனா பழைய பக்கங்கள்ல மந்திரிங்க பல இடத்துல பதவிப் பேர்லயே வருவாங்க. இந்தியா விவகாரத்துக்கான செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்னு இருந்தா அது எந்த வருஷம், யாருன்னு நீங்கதான் பொருத்திப் பாக்கணும், 1858-ல இருந்து 1947 வரைக்கும் அந்த நாற்காலில எத்தனையோ பேரு மாறியிருக்காங்க. எந்தக் கட்சி ஆட்சில இருந்தப்ப பேசுனதுன்னு பிரிக்கலாம், காமன்ஸ், லார்ட்ஸ் (மேல்சபை)னு பிரிக்கலாம், எனக்கு அது போதுமானதா இருந்துச்சு. ரிஜிஸ்டர் பண்றது இலவசம், ஆனா இலவசக் கணக்குல ஒரு நாளைக்கு இத்தனை தேடல்தான்னு கட்டுப்பாடு உண்டு, அதனால என்ன கேக்கப் போறோம்னு முன்னாடியே எழுதி வெச்சுக்கிட்டு உக்காருங்க. மொபைல்ல வேண்டாம், பெரிய ஸ்க்ரீன் இருந்தா நல்லது.

2005-க்கு அப்புறம் வேணும்னா பார்லாமின்ட்ங்கிற இன்னொரு பார்லிமென்ட் பேச்சுத் தொகுப்பப் பாருங்க. மொழித் தரவுகளுக்கான ஐரோப்பிய அமைப்பான கிளாரின் பண்ணது, 2023-ல வந்த 4.0-ல ஐரோப்பாவோட 29 நாடு, தன்னாட்சிப் பகுதிகளோட பேச்சு இருக்கு, பிரிட்டன் பகுதி 2015-ல ஆரம்பிக்குது. பேசுனவரு ஆணா பெண்ணா, எந்தக் கட்சி, ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியான்னு குறி இருக்கிறதால கேள்விய இன்னும் கூர்மையா கேக்கலாம், முழுசா டவுன்லோடும் பண்ணிக்கலாம். ஆங்கிலத்துல மெஷின் மொழிபெயர்ப்பும் குடுத்திருக்காங்க, எங்க என்ன பேசியிருக்காங்கன்னு கண்டுபிடிக்க அது போதும், மேற்கோள் காட்டுறதுக்கு மூல மொழிக்குப் போங்க. நடுவுல விட்டுப்போன 2005 டு 2015-க்கு பார்லிமென்ட்டோட சொந்த ஹான்சார்டு தளமே இருக்கு, அங்க தேதிய வெச்சு தேடி அன்னைக்கு நடந்த விவாதத்த முழுசா வாசிக்கலாம், கார்பஸ்ல சந்தேகமா தெரியற வரிய சரிபாக்கவும் நான் அங்கதான் போறேன்.