மூன்று நாளில் ‘அரசு சோலார் சான்றிதழ்’: பணம் கட்டும் முன் படியுங்கள்

தென்மாவட்டம் ஒன்றில் ஐடிஐ முடித்த பையன்கள் சிலர் ஆளுக்கு 18,500 ரூபாய் கட்டி ஏமாந்திருக்கிறார்கள். விளம்பரம் சொன்னது இது: மூன்று நாள் பயிற்சி, மத்திய அரசு அங்கீகாரம் பெற்ற சோலார் இன்ஸ்டாலர் சான்றிதழ், முடித்த கையோடு, வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வெண்டர், அதாவது சிஸ்டம் போட்டுக் கொடுக்கும் பதிவு பெற்ற நிறுவனம், ஆகலாம். கிடைத்தது ஒரு தடித்த அட்டை. அதை நம்பி வெண்டராகப் பதியப் போனபோதுதான் அது எதற்கும் உதவாது என்று தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், ‘பயிற்சி கொடுத்தாச்சு, வேலை கிடைப்பது உங்க சாமர்த்தியம்’ என்கிறார்கள். நிலையத்தின் பெயரை எழுதவில்லை. இதே வேலை வேறு பெயர்ப் பலகைகளின் கீழும் நடக்கும் என்பதால், செய்யும் விதத்தைத் தெரிந்துவைத்துக் கொள்வதுதான் பயன்.

அந்த அட்டையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். மேலே ‘ஐஎஸ்ஓ 9001:2015’ என்று இருக்கிறது. அது ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறைக்குத் தரும் சான்று. எந்தப் படிப்புக்கும் அது அங்கீகாரம் ஆகாது. பக்கத்தில் எம்எஸ்எம்இ உத்யம் பதிவு எண், அதாவது சிறு தொழில்களுக்கான பதிவு எண். மாவு மில் வைத்திருப்பவரும் இணையத்தில் தானே விவரம் கொடுத்து, கட்டணமில்லாமல் அந்த எண்ணை வாங்கலாம். கீழே க்யூஆர் குறியீடு. ஸ்கேன் செய்தால் திறப்பது அந்த நிலையத்தின் சொந்த இணையதளம். அதில் பையனின் பெயரும் ‘வெரிஃபைட்’ என்ற பச்சை எழுத்தும் வருகின்றன. அச்சடித்தவரே சரிபார்ப்பவர். இருக்க வேண்டிய விஷயங்களோ இல்லை: தகுதிக் குறியீடு இல்லை, என்எஸ்கியூஎஃப் (தேசியத் திறன் தகுதி வரையறை) நிலை இல்லை, மதிப்பீடு செய்தது யார் என்பதும் இல்லை.

முறையான சான்றிதழ் எப்படி இருக்கும்? சோலார் பிவி இன்ஸ்டாலர் வேலைக்கான தகுதி வரையறையை ஸ்கில் கவுன்சில் ஃபார் கிரீன் ஜாப்ஸ் என்ற அமைப்பு வகுத்தது. அதன் குறியீடு எஸ்ஜிஜே/கியூ0101, நிலை 4. மின்வேலைக்கு மட்டும் 0102, சிவில் வேலைக்கு 0103 என்று தனித்தனியாகவும் வைத்தார்கள். தொழிற்பயிற்சித் துறைக்கு மேலே ஒழுங்குமுறை ஆணையமாக இருப்பது என்சிவிஇடி என்ற மத்திய அரசு அமைப்பு. யார் எந்தப் படிப்புக்குச் சான்று வழங்கலாம் என்பது தேசியத் தகுதிப் பதிவேட்டில் பொதுவில் கிடக்கிறது, யாரும் தேடலாம். இந்த ஏற்பாட்டில் சொல்லிக் கொடுப்பவரே மார்க் போட முடியாது. வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைப்பார். மூன்றாம் நாள் மதியம் சாப்பாடு முடிந்ததும் வகுப்பெடுத்தவரே எல்லோருக்கும் சான்றிதழ் நீட்டினால், அந்த ஒன்றே போதும் சந்தேகப்பட.

இன்னொன்று. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2015-இல் தொடங்கிய சூர்யமித்ரா என்ற சோலார் பயிற்சி 600 மணி நேரம், ஏறத்தாழ மூன்று மாதம், தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து இலவசமாக நடத்தப்பட்டது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது பதிவுக் கட்டணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது அடுத்த இடத்தில். அசல் சான்றிதழே கையில் இருந்தாலும் அது லைசென்ஸ் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு வீட்டின் மின் இணைப்பில் கைவைக்க, மின் உரிம வாரியத்தின் லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் வேண்டும். வேலை தகுதிச் சான்று பெற்ற சூப்பர்வைசரின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதவே 21 வயதும், வயரிங் தொழிலில் 5 வருட அனுபவமும் கேட்கிறார்கள். அரசாங்கம் ஒரு உதவியாளருக்கே அவ்வளவு கேட்கும்போது, மூன்று நாளில் வெண்டர் ஆவது எப்படி? வெண்டர் பதிவு முற்றிலும் வேறு விஷயம். அது நிறுவனத்துக்கானது. அதற்கு ஜிஎஸ்டி, வங்கி உத்தரவாதம் எல்லாம் வேண்டும், போட்டுக் கொடுத்த சிஸ்டத்தை 5 வருடம் பராமரிக்கும் பொறுப்பும் கூடவே வரும். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்ற எண்ணைக் காட்டித்தான் ஆசை மூட்டுகிறார்கள். அந்த மானியம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போவது. பயிற்சி முடித்தவருக்கு அதில் ஒரு பைசாவும் இல்லை.

பணம் போனதைவிடப் பயமாக இருப்பது, இந்தப் பையன்கள் நாளை மாடி ஏறப்போகிறார்கள் என்பது. மூன்று நாளும் ப்ரொஜெக்டரில் படம் காட்டியிருக்கிறார்கள். வகுப்பில் இருந்தது ஒரு பேனல், ஒரு மல்டிமீட்டர். பேனல் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் எம்சி4 கனெக்டரைக் கட்டிங் பிளையரால் நசுக்கிக் காட்டியிருக்கிறார்கள். அது வேலையே இல்லை. 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிளின் மேலுறையை, கனெக்டர் தயாரிப்பாளர் சொன்ன நீளத்துக்கு மட்டும் உரித்து, இழை ஒன்றுகூட அறுபடாமல் கனெக்டரின் உலோகப் பின்னுக்குள் விட்டு, அதற்கென்றே உள்ள கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும். இழுத்தால் வரக் கூடாது. அந்த உலோகப் பின் கனெக்டருக்குள் போய் ‘க்ளிக்’ என்று உட்கார வேண்டும், நட்டை ஸ்பேனரால் இறுக்க வேண்டும். பிளையரால் நசுக்கியது முதல் நாள் நன்றாகவே ஓடும். வெயிலில் சூடாகி இரவில் குளிர்ந்து இணைப்பு மெல்லத் தளரும், மழைநீர் இறங்கும், மின்தடை ஏறும், ஒருநாள் அந்த இடமே உருகும். ஒரு கம்பெனி ஆண் கனெக்டரை இன்னொரு கம்பெனி பெண் கனெக்டரோடு சேர்த்தாலும் இதே கதிதான். பொருந்துவது போலத் தெரியும், உள்ளே தொடும் பரப்பு சரியாக இருக்காது.

540 வாட் பேனல் ஆறு வரிசையில் இணைத்தால் ஏறக்குறைய 300 வோல்ட் டிசி. டிசி மின்சாரம், வீட்டில் வரும் ஏசி மின்சாரம் போல நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வராது. தீப்பொறி பிடித்தால் தானாக அணையாது. ஷார்ட் ஆனாலும் பேனல் தரும் கரண்ட் வழக்கமான கரண்டைவிடக் கொஞ்சம்தான் கூடும், அதனால் பியூஸ் போகும் என்று காத்திருக்கவும் முடியாது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் எம்சி4-ஐப் பிடுங்கவே கூடாது. முதலில் ஏசி பிரேக்கர், பிறகு பேனல் பக்க இணைப்பைத் துண்டிக்கும் டிசி ஐசொலேட்டர், அப்புறம் கிளாம்ப் மீட்டரில் கரண்ட் பூஜ்யமா என்று பார்ப்பது, அதற்குப் பிறகுதான் கனெக்டர். இந்த வரிசையையே அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை. கேபிள் உறையில் மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மெக்கர் டெஸ்ட், எர்த் இணைப்பின் மின்தடையை அளப்பது பற்றிப் பேச்சே இல்லை.

எனவே பணம் கட்டும் முன் நிலையத்துக்கு நேரில் போங்கள். எந்தக் குறியீட்டுப் படிப்பு, வழங்கும் அமைப்பு எது, மதிப்பீடு செய்யும் ஏஜென்சி எது என்று எழுத்தில் கேளுங்கள். கிரிம்பிங் டூல், மெக்கர், எர்த் டெஸ்டர், கயிறோடு பாதுகாப்பு பெல்ட் இருக்கிறதா, எத்தனை பேருக்கு ஒன்று என்று கண்ணால் பாருங்கள். சாய்வுக் கூரை மாதிரி ஒன்று கட்டி வைக்காத இடத்தில் மாடி வேலை கற்க முடியாது. பழைய மாணவர் ஒருவரின் சான்றிதழ் எண்ணை வாங்கி, அரசுத் தளத்தில் வருகிறதா என்று தேடுங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் போன யுபிஐ விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இன்றே சேமித்து வையுங்கள். விளம்பரம் நாளைக்கே காணாமல் போகலாம். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அரசு அங்கீகாரம் என்று பொய் சொல்லிப் பணம் வாங்கியது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். ஒன்றாகச் சேர்ந்து போனால் நல்லது. ‘சான்றிதழைத் திருப்பிக் கொடு, பணம் தருகிறோம்’ என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டால், பணம் கணக்கில் ஏறும் வரை அந்த அட்டையைக் கையை விட்டு விடாதீர்கள்.