அப்பாவுக்கு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர்

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள அப்பாவுக்காக மருந்துக்கடையில் வாங்கினேன். சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலை ஊடுருவ, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது. 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்ட வழி இது; அவரைக் கைகூப்பத் தோன்றுகிறது. எண்கள் பெரியவை, அப்பா கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். விடியற்காலையில் விரல் சில்லிட்டிருந்தால் எண் தாவுகிறது. உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கினால் நிலைக்கிறது. நகப்பூச்சு ஆகாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கறுத்த தோலில் இக்கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு எச்சரித்தது. பெட்டியில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. நம் ஊரில் விற்கும் பொருளில் அது கட்டாயம் இருக்க வேண்டும். எண் நன்றாக இருந்தாலும், அப்பாவுக்கு மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் அழைத்துப்போய்விடுகிறேன்.