துருக்கியில "வந்ததும் கூப்பிடுறேன்": கெலின்ஜெவா, கெல்தீம்தெவா?

"வீட்டுக்கு வந்ததும் உன்னைக் கூப்பிடுறேன்"னு சொல்ல துருக்கியில 'எவெ கெலின்ஜெ செனி அராரிம்'னும் சொல்லலாம், 'எவெ கெல்தீம்தெ செனி அராரிம்'னும் சொல்லலாம். நாளைக்கு நடக்கப்போறதா இருந்தாலும் ரெண்டுலயும் எதிர்கால விகுதி வேணாம், காலத்தை கடைசி வினையே பாத்துக்கும், நம்ம 'வந்ததும்' மாதிரியேதான்.

கெலின்ஜெ யார் வந்தாலும் மாறாது, அதனால பேச்சுக்கு ரொம்ப ஈஸி, புதுசா கத்துக்கறவங்க இதுலயே ஆரம்பிங்க. கெல்தீம்தெல 'நான்' உள்ளயே இருக்கு, 'நாங்க'ன்னா கெல்தீமிஸ்தெ, யார் வர்றதுங்கறது தெளிவாத் தெரியணும்னா இதுதான் பெட்டர்.

ஆனா எதிர்காலமாச்சேன்னு 'கெலெஜேம் ஸமான்'னு மட்டும் போட்டுடாதீங்க, அது 'வரக் கிளம்பறப்ப கூப்பிடுறேன்'னு ஆயிடும், அவங்க முன்னாடியே போனுக்குக் காத்திருப்பாங்க.