பருமனை அளக்க அளவுகோலா, அளவு ஜாடியா?

அடர்த்தி என்பது நிறையைப் பருமனால், அதாவது பொருள் அடைக்கும் இடத்தின் அளவால், வகுத்தால் கிடைப்பது. நிறையில் பெரிய சிக்கல் இல்லை, தராசு சொல்லிவிடும். பருமன்தான் படுத்தும்.

பக்கம் 2 செ.மீ உள்ள இரும்புக் கனசதுரம், நிறை 63 கிராம் என்று வையுங்கள். அளவுகோலால் அளந்தால் 2×2×2, அதாவது 8 கன செ.மீ. அடர்த்தி சுமார் 7.9 கிராம்/கன செ.மீ. சரிதான். ஆனால் பக்கத்தை 2.1 என்று படித்துவிட்டால்? பருமன் 9.26 ஆகிவிடும், அடர்த்தி 6.8க்கு இறங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் பிழை மூன்று முறை பெருக்கப்படுவதால் வரும் வினை இது. மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கைக்கூடப் படிக்க உதவும் வெர்னியர் அளவி இருந்தால் இந்தப் பயம் குறையும்.

ஜாடியில் 50 மி.லி தண்ணீர் ஊற்றி, அதே இரும்புக் கனசதுரத்தை நூலில் கட்டி மெல்ல இறக்கினால் மட்டம் 58க்கு ஏறும். வித்தியாசம் 8 மி.லி, அதாவது 8 கன செ.மீ, அவ்வளவுதான். கூழாங்கல், சாவி என எந்தக் கோணல் வடிவமும் இதில் அடங்கும். அளவுகோல் அங்கே கையை விரித்துவிடும். ஆனால் ஜாடியும் லேசுப்பட்டதல்ல. நீர்மட்டத்தின் வளைவில் கீழ்ப்பகுதியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். கல்லில் ஒட்டிய காற்றுக்குமிழி பருமனைக் கூட்டிக் காட்டும். கற்கண்டைப் போட்டால் கரைந்தே போகும். மரக்கட்டை மிதக்கும், அதை ஊசியால் அழுத்தி முழுதாக மூழ்கடிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், செவ்வக மரக்கட்டைக்கு அளவுகோல், கல்லுக்கு ஜாடி. சின்னக் கல்லாக இருந்தால் அதேபோல் நாலைந்தைச் சேர்த்துப் போட்டு, மொத்த நிறையை மொத்தப் பருமனால் வகுங்கள்.