கார் கிளப் குரூப்-பைல (ஆளுங்க சேந்து மொத்தமா வாங்கறது) 17,020 ராண்ட் போச்சு, தென்னாப்பிரிக்கா டர்பன் ஆளுங்க கொஞ்சம் படிங்க

நேத்து சாயங்காலம் சாட்ஸ்வர்த்ல நம்ம மெக்கானிக் அங்கிள் ஷெட்ல பம்பர கழட்டி கீழ வச்சதுக்கப்புறம்தான் விஷயமே தெரிஞ்சுது, இன்னும் ஆத்திரம் அடங்கல.

என்னோடது ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் 7 ஜிடிஐ, 162 கிலோவாட். டர்பன் புழுக்கத்துல நாலு தடவ நல்லா மிதிச்சா கம்பெனி இன்டர்கூலர், அதாவது டர்போலேர்ந்து எஞ்சினுக்கு போற காத்த குளுமையாக்கற பார்ட், சூடேறி வண்டி இழுவையே செத்துடும், ஓட்டறவங்களுக்கு தெரியும். பெரிய இன்டர்கூலர் போடணும்னு ரொம்ப நாளா ஆச. அப்பதான் கிளப்ல ஒரு அண்ணன், "தம்பி, பன்னண்டு பேர் சேந்தா 25 பர்சென்ட் கொறைச்சு தர்றேன்னு கடைல பேசி வச்சிருக்கேன்"னாரு. கடை இங்கயே பார்ட்ஸ் எறக்குமதி பண்ற கடைதான், பேரு வேணாம்.

நம்புனது எங்கன்னு கேட்டா, ஞாயித்துக்கெழம பார்க்கிங்ல எல்லாரும் கூடறப்போ டிக்கிய தொறந்து சாம்பிள் ஒண்ண எடுத்து என் கைலயே குடுத்தாரு. நல்ல கனம், வெல்டிங் மீன் செதில் மாதிரி ஒரே வரிசையா, நான் வெரலால தடவி பாத்துட்டே நின்னேன். போதாததுக்கு போன தைப்பூசத்துல காவடி கூட்டத்துல என் பொண்ணு கால் வலிக்குதுன்னு அழுதப்போ தோள்ல தூக்கிட்டு நடந்த மனுஷன். ரசீது கேக்கவே வாய் வரல. அன்னைக்கு ராத்திரியே 14,800 ராண்ட் அவரு அக்கவுண்டுக்கு போட்டேன், கடை அக்கவுண்டுக்கு இல்ல, கவனிச்சுக்கோங்க.

மூணு வாரம்னாரு. ஒரு மாசம் கழிச்சு கேட்டா கண்டெய்னர் ஹார்பர்ல மாட்டிக்கிச்சுன்னாரு, நானும் நம்பிட்டேன், 2023 கடைசில டர்பன் வாசல்ல எத்தன கப்பல் வரிசைல நின்னுச்சுன்னு நாமதான் கண்ணால பாத்தோமே. அப்புறம் வாட் வரி 15 பர்சென்ட் தனியா கட்டணும்னு இன்னொரு 2,220. இங்க கடை சொல்ற வெலைலயே வாட் அடங்கிடணும்ங்கறது எனக்கு தெரியும், தெரிஞ்சும் கட்டினேன் பாருங்க, மொத்தம் 17,020 ராண்ட்.

பெட்டி வந்துச்சு. அங்கிள் ரேடியேட்டர் முன்னாடி வச்சு இப்படி திருப்பறாரு, அப்படி திருப்பறாரு, மாட்டற காது ரெண்டும் ஓட்டைய விட்டு ஒரு கட்டவெரல் தள்ளி நிக்குது, பைப் வாயும் சேரல. "டேய், இது உன் வண்டிக்கு செஞ்சதே இல்லடா"ன்னுட்டு துணில கைய தொடச்சாரு. வெல்டிங்கா? குமிழ் குமிழா, சாம்பிளுக்கும் இதுக்கும் ஸ்நானப்ராப்தி கெடையாது.

அண்ணனுக்கு போன் போட்டா, "நான் நடுவுல உதவி பண்ணவன்தானே தம்பி, கடைல கேளு." கடைக்கு போனா கவுண்டர்ல இருந்த பையன் கம்ப்யூட்டர்ல தேடிட்டு, "உங்க பேர்ல பில்லே இல்ல சார், கிளப் பேர்ல மொத்தம் நாலு பீஸ்தான் போயிருக்கு, நீங்க எங்க கஸ்டமர் இல்ல"ங்கறான். பணம் கட்டினது பன்னண்டு பேரு! மேனேஜர் மீட்டிங்ல இருக்காராம், முக்கா மணி நேரம் நின்னேன், மீட்டிங் முடியவே இல்ல. திரும்ப அண்ணனுக்கு மெசேஜ், ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல. கன்ஸ்யூமர் சட்டத்துல கோளாறான பொருள ஆறு மாசத்துக்குள்ள திருப்பலாம்னு இருக்கு, ஆனா பில்லே இல்லாதவன் எதக் காட்டி திருப்பறது?

என்ன பண்ணணும்னு வெவரமா எழுதணும்னுதான் ஒக்காந்தேன், இப்ப பொறுமை இல்ல. பில் உங்க பேர்ல வராம சல்லிக்காசு குடுக்காதீங்க. பணம் கடை அக்கவுண்டுக்கு மட்டும். பார்ட் நம்பர எழுத்துல வாங்குங்க. கைல குடுக்கற சாம்பிள நம்பாதீங்க. ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்ல, அதான் சின்ன தொகை வழக்கு கோர்ட்ல, 20,000 ராண்ட் வரைக்கும் வக்கீல் இல்லாமலே போடலாம், என் 17,020 அதுக்குள்ள அடங்குது, மொதல்ல 14 நாள் டைம் குடுத்து லெட்டர் அனுப்பணும், நாளைக்கு காலைல ரிஜிஸ்டர் தபால்ல போடறேன்.

இத ஏன் இன்னைக்கே எழுதறேன்னா, அண்ணன் மத்தியானம் குரூப்ல புதுசா ஒண்ணு போட்டிருக்காரு, காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேந்த செட்), இருவது பேர் சேந்தா 30 பர்சென்ட். ஏழு பேர் பேரு குடுத்தாச்சு. நான் கீழ ஒரு வரி எழுதினேன், ரெண்டே நிமிஷத்துல குரூப்லேர்ந்து தூக்கிட்டாங்க.