ஒன்பது வருட ஜால்லோ: கொலைகாரன் மறந்துபோன பிறகும்

ஒன்பது வருடமாக இத்தாலிய ஜால்லோ படங்கள் பார்த்துவருகிறேன். கணக்கு வைக்கவில்லை, அறுபதைத் தாண்டியிருக்கும். அதில் பாதிப் படங்களில் கொலைகாரன் யார் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கொலை மர்மப் படத்துக்கு இது நல்ல சான்றிதழ் இல்லைதான். ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது இவற்றைத்தான்.

ஜால்லோ என்றால் இத்தாலிய மொழியில் மஞ்சள். மொண்டடோரி பதிப்பகம் 1929-இல் தொடங்கிய துப்பறியும் நாவல் வரிசைக்கு மஞ்சள் அட்டை. அப்புறம் கொலைக் கதை எதுவானாலும் 'மஞ்சள்' என்றே பேர் ஆகிவிட்டது. (நம்மூர் மஞ்சள் பத்திரிகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டில் இதை விளக்கவே எனக்கு ஒரு சாயங்காலம் போனது.)

தொடங்கிவைத்தவர் மரியோ பாவா. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநர் ஆனவர். 1964-இல் அவர் எடுத்த படம் ஒரு ஃபேஷன் நிறுவனத்தில் நடக்கிறது. மழைக்கோட்டு, தொப்பி, கறுப்புக் கையுறை, முகமே இல்லாத ஓர் உருவம். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக வெளிச்சம். போலீஸ் வருகிறது, போகிறது. பிற்பாடு வந்த எல்லாப் படத்துக்கும் உடுப்பு தைத்துக் கொடுத்தது இதுதான்.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது டாரியோ அர்ஜெந்தோ 1970-இல் எடுத்த முதல் படம், 'தி பேர்ட் வித் த கிரிஸ்டல் ப்ளூமேஜ்' (படிக இறகுப் பறவை). ரோம் நகரில் ஓர் அமெரிக்க எழுத்தாளன் ராத்திரி நடந்துபோகும்போது, ஓவியக் கூடம் ஒன்றுக்குள் கறுப்பு உடையில் ஓர் உருவமும் வெள்ளை உடையில் ஒரு பெண்ணும் போராடுவதைப் பார்க்கிறான். காப்பாற்ற ஓடும் எழுத்தாளன் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறான். உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. பார்க்க மட்டும்தான் முடியும். பார்த்ததில் ஏதோ ஒன்று சரியில்லை என்று படம் முழுக்க அவனை அரிக்கிறது. என்னவென்று நினைவுக்கு வரவில்லை.

ஜால்லோவின் பிடிமானம் இந்த அரிப்புதான். அர்ஜெந்தோ 1975-இல் எடுத்த 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ' இதையே இன்னும் துணிச்சலாகச் செய்கிறது. ஓர் ஆங்கிலேயப் பியானோக்காரன், கொலை நடந்த வீட்டுக்குள் ஓடுகிறான். வீட்டுக்குள்ளே நடைபாதையில் ஓவியங்கள். அப்புறம் பார்த்தால் அங்கே இருந்த ஓர் ஓவியத்தைக் காணோம் என்று தோன்றுகிறது. விடையை நமக்கும் அப்போதே திரையில் காட்டிவிடுகிறார்கள். இரண்டாம் முறை ரிமோட்டை வைத்து நிறுத்திப் பார்த்தேன். ஒரு நொடிக்கு, ஒளிவுமறைவில்லாமல், அங்கேயே இருந்தது. படம் என்னை ஏமாற்றவில்லை. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. விடை தெரிந்த துப்பறியும் கதை தீர்ந்துபோன கதை என்பார்கள். இதில் விடை தெரிந்த பிறகுதான் எனக்குச் சுவாரஸ்யமே தொடங்கியது.

இசையைச் சொல்லாமல் விட முடியாது. 1970 படத்துக்கு என்னியோ மோரிகோனே போட்டது கிட்டத்தட்ட ஒரு தாலாட்டு, பெண் குரலில் 'லா லா'. அதைக் கைபேசியின் அழைப்பொலியாக வைத்தேன். நாலு நாளில் மாற்றிவிட்டேன்.

இனி புழக்கத்தில் வந்த தொல்லைகள். முதல் மூன்று வருடம் 'இத்தாலியப் படம், இத்தாலியத்தில்தான் பார்ப்பேன்' என்று வீம்பாக இருந்தேன். அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் பெரும்பாலும் குரலைப் பிற்பாடுதான் சேர்ப்பார்கள். பல நாட்டு நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசி நடிப்பதும் சகஜம். அதனால் 'அசல் ஒலி' என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவது கஷ்டம். இப்போது நான் செய்வது: நாயகனின் உதட்டைப் பார்த்து மொழியைத் தேர்ந்தெடுப்பது. வசன வரியிலும் கவனம் வேண்டும். நான் வாங்கிய ஒரு டிஸ்க்கில் இத்தாலிய ஒலிக்கு ஆங்கில டப்பிங்கின் வசனத்தை ஓட்டியிருந்தார்கள். படத்தில் ஓர் அம்மா மூன்று வாக்கியம் பேசுகிறார், கீழே இரண்டு சொல் வருகிறது. 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ' இத்தாலியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வெளிநாட்டுக்கு அனுப்பியதில் இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டு. நீளமான பதிப்பை ஆங்கிலத்தில் போட்டால் நடுநடுவே ஆட்கள் திடீரென்று இத்தாலியத்துக்குத் தாவுவார்கள். பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

உண்மையான குறை வேறு. பெண்கள் சாவதைக் கேமரா ரசித்து ரசித்துப் பார்க்கும் படங்கள் இதில் நிறைய. இருபது படம் தாண்டியபோது எனக்கே திகட்டி, ஒரு வருடம் தொடவில்லை. அந்த 1970 பறவைப் படத்தின் வெற்றிக்குப் பிறகு பல்லி, சிலந்தி, இகுவானா என்று கையில் கிடைத்த பிராணியையெல்லாம் தலைப்பில் போட்டு எடுத்த நகல்களில் பலதும் வெறும் சக்கை. கடைசியில் கொலைக்குச் சொல்லும் காரணத்தைக் கேட்டால் சிரிப்புதான் வரும்.

லூச்சியோ ஃபுல்சியின் 1972 படம் மட்டும் தனி ரகம். தென் இத்தாலியில் ஒரு மலைக் கிராமம், வரிசையாகச் சிறுவர்கள் கொலையாகிறார்கள். சூனியக்காரி என்று ஒருத்தியை ஊர் ஆண்கள் சங்கிலியால் அடிக்கிறார்கள், ரேடியோவில் காதல் பாட்டு ஓடுகிறது. அவள் ஊர்ந்து ஊர்ந்து நெடுஞ்சாலைக்கு வந்து சேர்கிறாள். கார்கள் நிற்காமல் போகின்றன. அந்தக் காட்சிக்காகவே படத்தை இரண்டு முறைக்கு மேல் போட எனக்கு மனசு வரவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1970 படத்தை முதலில் பாருங்கள். அப்புறம் 1975-இன் நீளமான பதிப்பு. அந்த நடைபாதை வரும்போது ரிமோட்டைத் தொடாதீர்கள்.