ஷாவ்மி எஸ்யூ7: போன் கம்பெனி செய்த காரைப் பிரித்துப் பார்த்தால்

2024 பிப்ரவரி 27 அன்று ஆப்பிள் தன் கார் திட்டத்தை மூடுவதாகச் செய்தி வந்தது. பத்து வருட உழைப்பு, ஏறக்குறைய இரண்டாயிரம் பேர், ஒரு கார்கூட ஷோரூம் வாசலைத் தொடவில்லை. அடுத்த மாதம் 28ஆம் தேதி ஷாவ்மி எஸ்யூ7 விற்பனைக்கு வந்து, 27 நிமிடத்தில் 50,000 முன்பதிவைத் தாண்டியது. கார் செய்யப்போகிறோம் என்று ஷாவ்மி நிறுவனர் லெய் ஜுன் அறிவித்தது 2021 மார்ச் 30ல். மூன்றே வருடம்.

எனவே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியால் கார் செய்ய முடியுமா என்று கேட்டுக்கொண்டிருப்பதில் இனி பொருளில்லை. செய்த கார் கண்முன் நிற்கிறது. இந்தியாவில் வாங்க முடியாது; 2024 ஜூலையில் பெங்களூரில் காட்சிக்கு வைத்ததோடு சரி. இங்கே பார்க்கப்போவது முதல் தலைமுறை, அதாவது 2024 மாடல். 4,997 மி.மீ. நீளம், சக்கரங்களுக்கு இடையே 3,000 மி.மீ., நான்கு கதவு செடான். தொடக்க வகையான ஸ்டாண்டர்டின் விலை 2,15,900 யுவான், அன்றைய மதிப்பில் சுமார் 25 லட்சம் ரூபாய். புரோ 2,45,900, மேக்ஸ் 2,99,900.

முதலில் எது யாருடையது என்று பிரித்துவிடுவோம். ஸ்டாண்டர்டில் 73.6 கிலோவாட்-மணி இரும்பு பாஸ்பேட் பேட்டரி. புரோவில் அதே ரசாயனத்தில் 94.3, மேக்ஸில் நிக்கல் வகையில் 101; இந்த இரண்டும் சீன பேட்டரி நிறுவனமான சிஏடிஎல் தருபவை. மோட்டார் வடிவமைப்பில் ஷாவ்மிக்குப் பங்கு உண்டு, ஆனால் செய்து கொடுப்பவர்கள் போஷின் சீனக் கூட்டு நிறுவனமும் இனோவான்ஸும். திரைக்குப் பின்னால் குவால்காம் 8295 சிப், ஓட்டுதல் உதவிக்கு என்விடியா ஓரின் சிப், புரோ, மேக்ஸ் கூரையில் லேசர் ஒளியால் தூரம் அளக்கும் ஹெசாய் லைடார், மேக்ஸின் முன்சக்கர பிரேக்கில் பேடை அழுத்தும் பிரெம்போ காலிப்பர். போன் செய்யும் அதே சூத்திரம்தான்: நல்ல பாகத்தை நல்ல இடத்தில் வாங்கு, ஒன்றாகக் கோத்து ஓடவைக்கும் வேலையை நீ பார். மின்சாரக் கார் இதற்கு இடம் கொடுக்கிறது. பெட்ரோல் இன்ஜினும் கியர்பாக்ஸும் காலங்காலமாகச் செதுக்கிச் செதுக்கி வந்தவை, அவற்றைக் கடையில் வாங்கிக் கோத்துவிட முடியாது.

ஆனால் வாங்கிக் கோப்பது மட்டும் போதுமென்றால் ஊருக்கொரு கார் கம்பெனி இருந்திருக்கும். ஷாவ்மி தானே இறங்கி வேலை பார்த்த இடம் பெய்ஜிங் யிட்சுவாங்கில் கட்டிய தொழிற்சாலை. அங்கே 9,100 டன் அழுத்தம் தரும் வார்ப்பு இயந்திரம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் பின்பக்க அடித்தளம் என்பது தகடு தகடாக வெட்டி, வளைத்து, ஒட்டவைத்த ஒரு கூடு. இதில் 72 துண்டுகள் போய் ஒரே அலுமினிய வார்ப்பு வருகிறது, 840 வெல்டிங் புள்ளிகள் குறைகின்றன. உருகிய அலுமினியம் அச்சுக்குள் பாயும்போது காற்று சிக்கினால் உள்ளே நுண்துளை விழும். வெளியே பளபளப்பாக இருக்கும், இடி வாங்கினால் அங்கேதான் முதலில் பிளக்கும். எனவே எக்ஸ்ரே பார்க்காமல் எந்த வார்ப்பும் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது. இன்னொரு தொல்லை பழுதில் வரும். தகட்டுக் கூட்டில் நசுங்கிய பாகத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம். வார்ப்பு பிளந்தால் அடித்தளமே மாற வேண்டும். இதைத் தெரிந்துதான் வார்ப்புக்குப் பின்னால் கழற்றி மாற்றக்கூடிய இடிதாங்கும் பகுதியை வைத்திருக்கிறார்கள். மிதமான வேகத்தில் பின்னால் இடித்தால் அது நசுங்கும், வார்ப்பு தப்பும். முதல் காரிலேயே இதை யோசித்திருப்பது சாதாரண விஷயமில்லை.

பணமும் தொழிற்சாலையும் இருந்தால்கூட முத்திரை வேண்டும். சீனாவில் வாகன உற்பத்தி அனுமதி இல்லாமல் கார் விற்க முடியாது. அதனால் முதலில் வந்த எஸ்யூ7கள் பழைய கார் கம்பெனியான பெய்க் குழுமத்தின் அனுமதியில் வெளிவந்தன. ஆரம்பகாலக் காரின் பின்பக்கத்தைப் பார்த்தால் 'பெய்ஜிங் ஷாவ்மி' என்று சீன எழுத்தில் இருக்கும்.

ஓட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஸ்டாண்டர்டில் பின்சக்கரத்துக்கு ஒரு மோட்டார், 220 கிலோவாட், மணிக்கு நூறு கி.மீ. வேகத்தைத் தொட 5.28 வினாடி. மேக்ஸில் இரண்டு மோட்டார், 495 கிலோவாட், 2.78 வினாடி என்கிறது கம்பெனி. மேக்ஸில் மட்டும் ஏர் சஸ்பென்ஷன். சீன சோதனை முறையில் 700, 830, 800 கி.மீ. என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம், அந்த முறை தாராளமானது. நெடுஞ்சாலையில் 120ல் ஓட்டினால் கணிசமாகக் குறையும். சார்ஜில் வித்தியாசம் பெரிது. மேக்ஸ் 800 வோல்ட் வகை, 10லிருந்து 80 சதவீதத்துக்கு 19 நிமிடம். மற்ற இரண்டும் 400 வோல்ட், 25 முதல் 30 நிமிடம். சார்ஜர் அந்த அளவு மின்சாரம் தரவில்லை என்றால் மேக்ஸின் அனுகூலமும் போச்சு.

உள்ளே உட்கார்ந்தால்தான் இது யார் செய்த கார் என்று தெரியும். 16.1 அங்குலத் திரை போன் மாதிரியே தயங்காமல் நகர்கிறது. பழைய கார் கம்பெனிகளின் திரையில் விரலை வைத்து, அது யோசித்து முடிக்கும் வரை காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அதே சமயம் ஏசி வெப்பநிலை, காற்று வேகம், சஸ்பென்ஷன் உயரம் எல்லாம் நடுவில் நிஜ சுவிட்சாகவே இருக்கின்றன. அதுவும் போதாது என்பவர்களுக்குத் திரையின் கீழ்விளிம்பில் மாட்டிக்கொள்ளும் பட்டன் பட்டை ஒன்றைத் தனியாக விற்கிறார்கள். ஐபோன்காரர்களை விரட்டவில்லை, கார்பிளே வேலை செய்கிறது. பின்னால் டிக்கி 517 லிட்டர், முன்னால் போனட்டுக்கு அடியில் 105 லிட்டர். கூரை பின்னோக்கிச் சரிவதால் நெட்டையானவர் முன்சீட்டில் உட்காருவதே நல்லது.

இனி பிரேக். 2024ல் பந்தயத் தடத்துக்குப் போன சிலரின் காரில் பிரேக் பேட் சூடேறித் தீய்ந்த படங்கள் பரவின. கணக்கு எளிது. மேக்ஸின் எடை 2,205 கிலோ. மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்த சுமார் 0.85 மெகாஜூல் ஆற்றலை எங்காவது கொட்ட வேண்டும். 200லிருந்து என்றால் நாலு மடங்கு, 3.4 மெகாஜூல். தெருவில் இதில் பெரும்பங்கை மோட்டாரே மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பிவிடும். பேட்டரி நிறைந்திருந்தால் அந்த வழி அடைபடும். தடத்தில் வளைவுக்கு வளைவு மிதிக்கும்போது பேட் ஆற நேரமே கிடைக்காது. சூடு வரம்பைத் தாண்டினால் பேட் பிடியை இழக்கும், பிரேக் ஆயில் கொதித்து நீராவிக் குமிழி வரும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். காரோடு வருவது தெருவுக்கான பேட், தடத்துக்கு வேறு பேட் போடுங்கள் என்பது தொழில்நுட்பமாகச் சரியான பதில்தான். ஆனால் 265 கி.மீ. வேகத்தையும் பிரெம்போ பெயரையும் காட்டி விற்ற காருக்கு அந்த எச்சரிக்கை விளம்பரத்திலேயே இருந்திருக்க வேண்டும். வேகத்தை மென்பொருளில் கூட்டலாம். சூட்டைக் குறைக்க உலோகம் வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஓட்டுதல் உதவி, அதாவது வேகத்தையும் ஸ்டீயரிங்கையும் கார் தானே கவனிக்கும் வசதி. 2024 மாடலில் புரோ, மேக்ஸ் இரண்டிலும் லைடாரும் இரண்டு ஓரின் சிப்பும் உண்டு. ஸ்டாண்டர்டில் லைடார் இல்லை, சிப்பும் வலு குறைந்தது. கேமராவை நம்பியே அது நெடுஞ்சாலையில் ஓடுகிறது. 2025 மார்ச் 29 இரவு அன்ஹுய் மாகாணத்தின் டோங்லிங் பகுதியில் இப்படியொரு ஸ்டாண்டர்ட் 116 கி.மீ. வேகத்தில் உதவியோடு போய்க்கொண்டிருந்தது. சாலைப் பணிக்காகப் பாதையை அடைத்து எதிர்ப் பாதைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். தடை இருப்பதாகக் கார் எச்சரித்து வேகத்தைக் குறைக்கத் தொடங்கிய அடுத்த வினாடி கட்டுப்பாடு ஓட்டுநர் கைக்கு வந்தது. சில வினாடிகளில், ஏறக்குறைய 97 கி.மீ. வேகத்தில், கான்கிரீட் தடுப்பில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். 116 கி.மீ. என்றால் வினாடிக்கு 32 மீட்டர். எச்சரிக்கை காதில் விழுந்து மனுஷன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கார் இரண்டு பேருந்து நீளம் தாண்டியிருக்கும். அந்தக் காரின் தானியங்கி அவசர பிரேக் கூம்பு, நீர்த் தடுப்பு போன்றவற்றுக்கு வேலை செய்யாது என்று பிறகு கம்பெனியே விளக்கியது. சாலைப் பணி நடக்கும் இடத்தில் வேறு என்ன வைப்பார்கள்?

அந்த ஆண்டு செப்டம்பரில் 1,16,887 ஸ்டாண்டர்ட் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பட்டறைக்கு அல்ல, அப்டேட்டுக்கு. 2026 தொடக்கத்தில் அறிவித்த புதிய எஸ்யூ7ல் எல்லா வகையிலும் லைடார். போனில் விலை குறைந்த மாடலுக்கு ஒரு கேமராவைக் குறைத்தால் படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். காரில் அந்தச் சிக்கனம் எங்கே போய் நிற்கும் என்பதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

போன் விற்ற பழக்கம் வேறு இடங்களிலும் எட்டிப்பார்க்கிறது. இதன் அதிவேக வகையான எஸ்யூ7 அல்ட்ராவுக்கு 42,000 யுவானுக்குத் துளை வைத்த கார்பன் ஃபைபர் போனட் விற்றார்கள். வாங்கியவர்கள் கழற்றிப் பார்த்தபோது, காற்றை வழிநடத்தும் அமைப்பு சொன்னபடி இல்லை என்று புகார் கிளம்பியது. 2025 மேயில் தகவல் தெளிவாக இல்லை என்று மன்னிப்பு கேட்டார்கள். அதே காரின் 1,548 குதிரைத்திறனை அப்டேட்டில் கட்டிப்போட்டு, தடத்தில் குறித்த நேரத்துக்குள் சுற்றினால்தான் முழுசாகத் திறப்போம் என்றார்கள். காசு கொடுத்தவன் சும்மா இருப்பானா? பின்வாங்கினார்கள்.

பணக் கணக்கைப் பார்க்காமல் 'முடியும்' என்று சொல்லிவிட முடியாது. 2024ல் 1,36,854 கார்கள் கொடுத்த ஷாவ்மிக்கு அந்தப் பிரிவில் 620 கோடி யுவான் நட்டம். வகுத்தால் காருக்கு சுமார் 45,000 யுவான், அடுத்தடுத்த மாடல்களுக்கான ஆராய்ச்சிச் செலவும் சேர்த்து. அந்த வருடம் மொத்தக் கம்பெனியின் வருமானம் 36,590 கோடி யுவான், அதனால் தாங்கியது. 2025 மூன்றாம் காலாண்டில்தான் அந்தப் பிரிவு முதல்முறை லாபம் காட்டியது. வாக்குவம் கிளீனர் செய்யும் டைசன் இதே குளத்தில் இறங்கி 50 கோடி பவுண்ட் செலவழித்து, காரை 1,50,000 பவுண்டுக்கு விற்றால்தான் கட்டுப்படியாகும் என்று தெரிந்ததும் 2019ல் கரையேறிவிட்டது. சோனி தனியாக இறங்காமல் ஹோண்டாவைக் கைப்பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் ஷாவ்மி வழி இல்லை: நட்டத்தைத் தாங்கும் போன் வியாபாரம், பக்கத்திலேயே பேட்டரி, மோட்டார் செய்பவர்கள், கார் வாங்க வரிசையில் நிற்கும் உள்ளூர்ச் சந்தை எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும்.

2024 மாடலில் எடுக்கத் தகுந்தது புரோ. லைடார் உண்டு, பெரிய பேட்டரி, ஒரே மோட்டார் என்பதால் எடையும் வேகமும் அதன் பிரேக்குக்கு அடங்கும். மேக்ஸ் எடுப்பவர் தடத்துக்குப் போவதாக இருந்தால் பேட்டையும் பிரேக் ஆயிலையும் மாற்றிவிட்டுப் போகட்டும். பழைய ஸ்டாண்டர்ட் கைக்கு வந்தால் திரும்ப அழைப்பு அப்டேட் ஏறியிருக்கிறதா என்று அமைப்புப் பக்கத்தில் பாருங்கள். ஏறியிருந்தாலும், சாலைப் பணிப் பலகை தென்பட்டதும் உதவியை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள்.